அமைதியூட்டி மருந்துகளும் நிறுத்த இயலாமையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் ‘தூக்க மாத்திரை’ என்பது பெருவழக்கான சொல். நாளேட்டுச் செய்தியிலும் சிறுகதையிலும் அன்றாடப் பேச்சிலும் அச்சொல் ஒரே பொருளில் ஆளப்படுகிறது. ஆயினும் 1930-களில் ஒருவர் உட்கொண்ட தூக்க மாத்திரையும் 1970-களில் இன்னொருவர் உட்கொண்ட தூக்க மாத்திரையும் வேதியியல் அமைப்பால் வேறானவை. அளவு மிஞ்சினால் விளையும் கேட்டாலும் வேறானவை. அவற்றை ஒன்றிணைக்கும் பண்பு ஒன்று உண்டு. நெடுநாள் உட்கொண்டபின் அவற்றைத் திடீரென நிறுத்துவது உடலுக்கு எளிதன்று. இந்த ஒன்றைத்தான் மருத்துவ உலகம் ஒவ்வொரு முறையும் மிகப் பிந்தி அறிந்துகொண்டது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு சொல் ‘அடிமை’. மருந்தை நிறுத்த முடியாமல் தவிப்பவரை ‘மருந்துக்கு அடிமையானவர்’ என்கிறோம். கள்ளச் சந்தையில் மாத்திரை தேடி அலைபவரும், மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவை ஒருநாளும் மீறாமல் பத்தாண்டு உட்கொண்ட இல்லத்தரசியும் இச்சொல்லுக்குள் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றனர். இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இருந்தது. அக்குழப்பமே பல்லாயிரவரின் துன்பம் கண்ணுக்குப் புலப்படாமற் போனதற்கு ஒரு காரணமாயிற்று என்பது நம் கருத்து. புரோமைடு தொடங்கிப் பென்சோடையசெபைன் வரையிலான அமைதியூட்டி மருந்துகளின் வரலாற்றை இக்கோணத்தில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரோமைடும் குளோரலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உறக்கத்திற்கும் மனக்கலக்கத்திற்கும் மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்தவை அபினும் மதுவுமே. இந்நிலையை மாற்றியவற்றுள் முதலாவது பொட்டாசியம் புரோமைடு. பிரான்சைச் சேர்ந்த பலார் 1826-இல் புரோமின் தனிமத்தைக் கண்டறிந்தார். 1857-இல் இலண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக், பெண்களுக்கு வரும் ஒருவகை வலிப்பு நோய்க்குப் புரோமைடு பயன்பட்டதாக மருத்துவர் கூட்டம் ஒன்றில் தெரிவித்தார். வலிப்பை அடக்கிய மருந்து மனத்தையும் அடக்கியதால் அது விரைவில் நரம்புத் தளர்ச்சிக்கும் உறக்கமின்மைக்கும் உரிய பொது மருந்தாயிற்று.

புரோமைடின் கேடு அது உடலை விட்டு நீங்கும் வேகத்தில் இருந்தது. உட்கொண்ட அளவில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 12 நாள் ஆகும். நாள்தோறும் உண்பவரின் குருதியில் அது சிறிது சிறிதாகச் சேர்ந்து, மறதி, தடுமாற்றம், தோற்ற மயக்கம், சித்தப்பிரமை ஆகியவற்றை விளைவித்தது. இந்நிலை ‘புரோமிசம்’ எனப் பெயர் பெற்றது. மனநோயாளியாகக் கருதப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோருள் சிலருக்கு நோயே மருந்தால் வந்தது என்பது இருபதாம் நூற்றாண்டில் குருதிச் சோதனை வந்தபின் தெளிவாயிற்று.

இரண்டாவது குளோரல் ஹைட்ரேட். ஜெர்மனிய வேதியியலார் லீபிக் 1832-இல் உருவாக்கிய இப்பொருளை 1869-இல் பெர்லின் மருத்துவர் ஆஸ்கர் லீப்ரைக் உறக்கமூட்டியாக அறிமுகப்படுத்தினார். குளோரல் உடலுக்குள் சென்றதும் குளோரோஃபாமாகச் சிதையும் என்பது அவருடைய கணிப்பு. கணிப்புப் பிழையானது, மருந்து மட்டும் பயன் தந்தது. ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட முதல் உறக்கமூட்டி என இது கொள்ளப்படுகிறது.

இவ்விரு மருந்துகளின் தாக்கத்தை இலக்கிய வரலாற்றிலும் காணலாம். கவிஞரும் ஓவியருமான தாந்தே கேப்ரியல் ரொசெட்டி 1870 முதல் உறக்கமின்மைக்குக் குளோரலை நாடி, அதனால் உடலும் மனமும் நலிந்து 1882-இல் மறைந்தார். ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வோ, குளோரலும் புரோமைடும் கலந்த மருந்தைப் பல காலம் உட்கொண்டு வந்தார். 1954-இன் தொடக்கத்தில் இலங்கைக்குச் செல்லும் கப்பலில் ஏறிய அவர், தம்மை இகழ்ந்து பேசும் குரல்களை ஓயாது கேட்கலானார். நாடு திரும்பியபின் அது புரோமைடு நஞ்சேற்றம் எனக் கண்டறியப்பட்டது. அவ்வனுபவமே 1957-இல் வெளிவந்த ‘த ஆர்டீல் ஆஃப் கில்பர்ட் பின்ஃபோல்ட்’ என்னும் நாவலுக்குக் கருவாயிற்று. புரோமைடு மருத்துவத்திற்கு வந்து நூறாண்டு நெருங்கும் வேளையிலும் கல்வியறிவு மிக்க ஒருவர் அதன் கேட்டை அறியாதிருந்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பார்பிட்யூரேட்டுகளின் அரை நூற்றாண்டு

குளோரலின் காரமான சுவையும் புரோமைடின் தேக்கமும் இல்லாத ஒரு மருந்துக்கான தேவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவேறியது. அடால்ஃப் ஃபான் பேயர் 1864-இல் உருவாக்கிய பார்பிட்யூரிக் அமிலம் நாற்பதாண்டுக் காலம் மருத்துவப் பயனின்றிக் கிடந்தது. அதன் வழித்தோன்றலான பார்பிட்டாலை 1903-இல் எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபான் மேரிங்கும் உறக்கமூட்டியாக வெளியிட்டனர். ஃபிஷர் அதற்கு முந்திய ஆண்டுதான் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றிருந்தார். ‘வெரோனால்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த இம்மருந்தைத் தொடர்ந்து 1912-இல் ‘லூமினால்’ என்னும் பீனோபார்பிட்டால் வந்தது. பின்னர் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 2,500 சேர்மங்கள் உருவாக்கப்பட்டு, ஐம்பதளவில் சந்தைக்கு வந்தன.

பார்பிட்யூரேட்டுகளின் வெளிப்படையான இடர் அளவு மிகுதி. உறக்கம் தரும் அளவுக்கும் உயிர் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மதுவோடு சேர்ந்தால் அவ்விடைவெளி மேலும் குறையும். ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1927-இலும் நடிகை மர்லின் மன்றோ 1962-இலும் மறைந்தபோது உலகம் இம்மருந்துகளின் பெயரைக் கேட்டது. அளவு மிகுதியால் நேர்ந்த இறப்புகள் செய்தியாயின. அதனால் அவ்விடர் அறியப்பட்டது.

மற்ற இடர் செய்தியாகவில்லை. பிரித்தானிய நஞ்சியல் வல்லுநர் வில்லியம் வில்காக்ஸ், பார்பிட்யூரேட்டுகள் உடலைத் தம் பிடிக்குள் கொண்டுவருகின்றன என்று 1920-களிலும் 1930-களிலும் எச்சரித்து வந்தார். அக்கருத்து அவர் காலத்து மருத்துவர் பலரால் ஏற்கப்படவில்லை. பழக்கத்திற்கு ஆளாவோர் இயல்பிலேயே மனவலிமை குன்றியோர். குறை அவர்களுடையதே அன்றி மருந்தினுடையதன்று என்பது எதிர்த்தரப்பின் வாதமாக இருந்தது.

இவ்வாதத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது 1950-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் உள்ள அரசு மருத்துவமனையில் ஹாரிஸ் இஸ்பெல்லும் உடனாய்வாளர்களும் ஐந்து பேருக்குப் பல வாரங்கள் பார்பிட்யூரேட் கொடுத்துப் பின் திடீரென நிறுத்தினர். அவ்வைவரும் முன்பு மார்ஃபின் பழக்கம் உடையவர்கள். சிறைத் தண்டனை பெற்றவர்கள். மருந்து நின்ற சில நாட்களில் அவர்களுள் பெரும்பாலோர்க்கு வலிப்பும் மனக்குழப்பமும் கண்டன. மார்ஃபினை நிறுத்துவதைவிடப் பார்பிட்யூரேட்டை நிறுத்துவது உயிருக்கு மிகுந்த இடர் என்பது இதனால் உறுதியாயிற்று. கைதிகளை இவ்வாறு ஆய்வுக்குட்படுத்துவதை இன்றைய ஆய்வு நெறி ஏற்காது. அவ்வாறு பெற்ற அறிவும் மருந்து சந்தைக்கு வந்து 47 ஆண்டு கழித்தே கிட்டியது.

சர்ப்பகந்தி: இந்தியாவின் பங்கு

அமைதியூட்டிகளின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. சர்ப்பகந்தி எனப்படும் செடியின் வேர் ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டது. வட இந்தியாவில் அது ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்தியத்திற்கான மருந்து, என்னும் பெயரிலேயே விற்கப்பட்டது. ஜெர்மனிய மருத்துவர் ரவுவோல்ஃபின் நினைவாக இப்பேரினத்திற்கு ‘ரவுவோல்ஃபியா’ எனப் பெயரிட்டவர் பிரெஞ்சுத் தாவரவியலார் பிளூமியர், ஆண்டு 1703.

1931-ஆம் ஆண்டு இச்செடியைப் பொறுத்தவரை திருப்புமுனை. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அவ்வேரின் தூள் உறக்கம் தருவதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று இந்திய மருத்துவ இதழில் எழுதினர். அதே காலத்தில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீகியும் ரபத் உசேன் சித்தீகியும் அவ்வேரிலிருந்து காரப்பொருள்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ஒன்றிற்கு ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டனர்.

பதினெட்டாண்டு கழித்து, 1949-இல், பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் ஆய்வைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டபோதுதான் மேலைநாட்டார் கவனம் இவ்வேரின்பால் திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதன் முதன்மைச் சாறான ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். 1954-இல் நியூயார்க் மனநல மருத்துவர் நேதன் கிளைன் அதனை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பெற்ற பயனை வெளியிட்டார். உறங்க வைக்காமலே மனத்தை அடக்கும் இம்மருந்தின் தன்மையைச் சுட்டச் சீபா நிறுவனத்து யாங்மன் 1953 அளவில் கையாண்ட ‘டிராங்குவிலைசர்’ என்னும் சொல் பரவியது. நாம் ‘அமைதியூட்டி’ என மொழிபெயர்க்கும் அச்சொல் ஓர் இந்திய வேரை முன்னிட்டே மருத்துவ வழக்கிற்கு வந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

வக்கீல், கிளைன் இருவருக்கும் 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. சென், போஸ் பெயர்களை மருத்துவ வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளிலேயே பெரும்பாலும் காண்கிறோம்.

ரெசர்பைனின் புகழ் நீடிக்கவில்லை. இரத்த அழுத்தத்திற்காக அதனை உட்கொண்டோருள் சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர் என 1950-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தனர். மூளையில் செரோடோனின் அளவை அது குறைக்கிறது என்னும் 1955-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்போடு இணைந்து, மனச்சோர்வின் வேதியியல் பற்றிய கோட்பாடுகளுக்கு இப்பதிவுகள் வித்திட்டன. ரெசர்பைனின் கேடு சில ஆண்டுகளுக்குள் பேசப்பட்டது. அடுத்து வந்த மருந்துகளுக்கு அவ்வாறு நிகழவில்லை.

‘பாதுகாப்பானது’ என்னும் விளம்பரம்

1955-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ‘மில்டவுன்’ என்னும் மெப்ரோபமேட், அன்றாட மனப்பதற்றத்திற்காகவே விற்கப்பட்ட முதல் பெருவெற்றி மருந்து. அதனை உருவாக்கிய ஃபிராங்க் பெர்கர் செக் நாட்டிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்தவர். பெனிசிலினைக் கெடாமல் காக்கும் பொருளைத் தேடுகையில், சோதனைச் சுண்டெலிகள் விழிப்போடு இருந்தும் அமைதியுற்றுத் தளர்ந்து கிடந்ததைக் கண்டார். அவ்வாய்வை 1946-இல் வெளியிட்டார். அவ்வழியில் பிறந்ததே மில்டவுன். அமெரிக்க மருந்துக்கடைகள் ‘மில்டவுன் தீர்ந்துவிட்டது’ எனப் பலகை எழுதி வைக்கும் அளவுக்கு அதன் விற்பனை இருந்தது. பார்பிட்யூரேட்டைவிடப் பாதுகாப்பானது என்பதே அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. மறு ஆண்டே, 1956-இல், அதனை நிறுத்துவதில் நோயாளிகள் படும் துன்பம் மருத்துவ இதழில் இடம்பெற்றது, விற்பனை தொடர்ந்தது.

‘பாதுகாப்பு’ என்னும் சொல்லின் உள்ளீடு எத்துணைக் குறுகியது என்பதைத் தாலிடோமைடு காட்டியது. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் ‘கான்டெர்கன்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த இதுவும் ஓர் அமைதியூட்டியே. உறக்கத்திற்காகவே பெரிதும் விற்கப்பட்டது. பார்பிட்யூரேட் கலவாதது, எவ்வளவு கொடுத்தும் ஆய்வக எலிகள் சாகவில்லை என்பனவே அதன் பாதுகாப்புக்குக் காட்டப்பட்ட சான்றுகள். கருவுற்ற பெண்களும் அதனை உட்கொண்டனர். கை கால் குறைபட்ட குழந்தைகள் பிறந்ததை ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸும் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடும் மருந்தோடு இணைத்துக் கண்டபின், 1961 நவம்பர் இறுதியில் அது ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர் என மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் மருந்து ஒப்புதல் அலுவலராக இருந்த ஃபிரான்செஸ் கெல்சி, நெடுநாள் உட்கொண்டோர்க்கு நரம்புக் கோளாறு வருவதாகப் பிரித்தானிய இதழில் வந்த கடிதத்தைக் கண்டு, போதிய சான்றில்லை என ஒப்புதலை நிறுத்தி வைத்தார்.

ஒவ்வொரு மருந்தும் முந்தியதன் குறையை அளவுகோலாகக் கொண்டே சோதிக்கப்பட்டது. பார்பிட்யூரேட்டால் மக்கள் இறந்தனர். ஆகவே அடுத்த மருந்தால் எலி சாகிறதா என்று கேட்டனர். கேட்ட கேள்விக்கு நல்ல விடை கிடைத்தது. கேளாத கேள்விகள் நோயாளியின் உடலில் விடை கண்டன.

வேலியம் யுகம்

பென்சோடையசெபைன்களின் பிறப்பு ஒரு மேசையைத் துப்புரவு செய்ததில் நிகழ்ந்தது. 1908-இல் பிறந்து போலந்தின் கிராக்கோவில் பயின்ற யூத வேதியியலார் லியோ ஸ்டெர்ன்பாக், 1941-இல் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து நியூஜெர்சியில் ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றினார். மாணவப் பருவத்தில் சாயப் பொருளுக்காகத் தாம் ஆராய்ந்த சேர்மங்களை அமைதியூட்டிக்காக மீண்டும் முயன்று தோற்றுக் கைவிட்டிருந்தார். 1957-இல் ஆய்வக மேசையை ஒழுங்கு செய்கையில், சோதிக்கப்படாமல் எஞ்சிய ஒரு சேர்மத்தைச் சக ஆய்வாளர் ஏர்ல் ரீடர் எடுத்துக்காட்டினார். விலங்குச் சோதனையில் அது மில்டவுனை விஞ்சியது. அதுவே 1960-இல் ‘லிப்ரியம்’ ஆயிற்று; 1963-இல் அதனினும் வலிய ‘வேலியம்’ வந்தது. இதன் வேதிப்பெயர் டயசெபாம்.

பென்சோடையசெபைன்களைத் தனியாக உண்டால் அளவு மிகுதியால் இறப்பது அரிது. பார்பிட்யூரேட் மரணங்களைக் கண்டு அஞ்சிய மருத்துவர்களுக்கு இது பேராறுதல். அவர்கள் அம்மருந்தை மனமுவந்து எழுதியதைக் குறைகூற இயலாது. அம்மாற்றத்தால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதையும் மறுத்தல் கூடாது. 1960-களின் இறுதி தொடங்கி 1980-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் மிகுதியாக எழுதப்பட்ட மருந்து வேலியமே. 1978-இல் மட்டும் அங்கு ஏறத்தாழ 230 கோடி மாத்திரைகள் விற்றன. உட்கொண்டோருள் பெண்கள் ஆண்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கினர். இல்லத்தரசிகளின் மாத்திரைப் பழக்கம் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ இசைக்குழுவின் 1966-ஆம் ஆண்டுப் பாடலுக்குப் பொருளாகும் அளவுக்குப் பரவியிருந்தது.

இங்கும் எச்சரிக்கை தொடக்கத்திலேயே இருந்தது. 1961-இல் அமெரிக்க மருத்துவர் லியோ ஹாலிஸ்டர், மிகுந்த அளவில் லிப்ரியம் பெற்றுவந்த 11 நோயாளிகளுக்கு அவர்கள் அறியாமல் மருந்தை நிறுத்தி வெறும் மாத்திரை கொடுத்தபோது, 10 பேருக்குப் புதிய துன்பங்கள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. அவர்கள் வழக்கத்தினும் பன்மடங்கு உண்டவர்கள் ஆதலால், இயல்பான அளவில் உண்போர்க்கு இடரில்லை என மருத்துவ உலகம் முடிவு செய்துகொண்டது.

இருபத்தெட்டுப் பேரும் பதினாறு பேரும்

இவ்வரலாற்றின் மையம் என நாம் கருதுவது இரண்டு எண்கள். 1980-இல் பிரித்தானிய மருந்து மறுஆய்வுக் குழு தன் அறிக்கையில், 1960 முதல் 1977 வரை அந்நாட்டில் பென்சோடையசெபைன் சார்புநிலைக்கு ஆளானோர் 28 பேர் என்ற மதிப்பீட்டை எடுத்துக்காட்டி, இடர் மிகக் குறைவு என்றது. இலட்சக்கணக்கானோர் உட்கொண்ட மருந்துக்குப் பதினெட்டு ஆண்டில் 28 பேர்.

மறு ஆண்டே, 1981-இல், இலண்டனில் மால்கம் லேடரும் பீட்டுர்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மருத்துவர் குறித்த இயல்பான அளவில் ஓராண்டுக்குக் குறையாமல் உட்கொண்டுவந்த 16 நோயாளிகளுக்கு மருந்து நிறுத்தப்பட்டது. எப்போது நிறுத்தப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. பதினாறு பேருக்கும் ஏதேனும் ஒரு வகையில் நிறுத்தல் விளைவு தோன்றியது: பதற்றம், மனக்கசப்பு, ஒலியும் ஒளியும் பொறுக்க முடியாமை முதலிய புலனுணர்வு மாற்றங்கள்.

இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள பிளவை எவ்வாறு விளக்குவது? முதல் எண், வெளியான மருத்துவப் பதிவுகளில் சார்புநிலைக்கு ஆளானோர் எனக் குறிக்கப்பட்டோரை எண்ணியது. அப்பதிவுகளில் இடம்பெற்றோர் பெரும்பாலும் மது, பிற போதைப்பொருள் பழக்கம் உடையோர், அளவை மீறியோர். எழுதிக்கொடுத்தபடி உண்டு, நிறுத்தியதும் தவித்து, மீண்டும் மருத்துவரிடம் சென்றவர் எப்பட்டியலிலும் சேரவில்லை. அவருடைய தவிப்பு ‘பழைய நோய் திரும்பிவிட்டது’ என விளக்கப்பட்டு, மருந்தும் மீண்டும் எழுதப்பட்டது. நிறுத்தும்போது வரும் பதற்றம், மருந்து தொடங்கக் காரணமான பதற்றத்தை ஒத்திருந்தமையால் இப்பிழை எளிதில் நிகழ்ந்தது.

சொல்லாட்சியின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1957-இல் ‘அடிமைத்தனம்’, ‘பழக்கம்’ என இரண்டாகப் பகுத்தது. அடிமைத்தனம் தனிமனிதருக்கும் சமுதாயத்திற்கும் கேடு தருவது, அடக்க முடியாத வேட்கை உடையது என வரையறுக்கப்பட்டது. இப்பகுப்பு நடைமுறைக்கு உதவாமையால் 1964-இல் இரண்டையும் நீக்கி ‘சார்புநிலை’ என்னும் ஒரே சொல்லைக் குழு பரிந்துரைத்தது. சொல் மாறிற்று, அச்சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் உருவம் மாறவில்லை. மருத்துவர் தேடியது வேட்கை கொண்ட ஒருவரை. எதிரே அமர்ந்திருந்தவரோ மருந்தை வெறுத்தும் விட முடியாதவர்.

உடலில் நிகழ்வதை அறிவியல் அப்போது விளக்கத் தொடங்கியிருந்தது. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் செயலைப் பென்சோடையசெபைன் மிகுவிக்கிறது. அது மூளையில் பற்றும் இடத்தை 1977-இல் டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் தனித்தனியே கண்டறிந்தனர். நெடுநாள் மருந்து பெறும் மூளை அதற்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. மருந்து திடீரென நீங்கும்போது அடக்குவார் இன்றிக் கிளர்ச்சி மேலோங்குகிறது. இதில் ஒழுக்கத்திற்கோ மனவலிமைக்கோ தொடர்பில்லை.

நோயாளிகளின் குரல் இக்காலத்தில்தான் பொதுவெளிக்கு வந்தது. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கார்டன், வேலியத்தை ஒரேயடியாக நிறுத்தியதால் தாம் பட்ட துன்பத்தை 1979-இல் நூலாக எழுதினார். அவ்வாண்டு அமெரிக்க மேலவையில் எட்வர்ட் கென்னடி தலைமையில் இதுபற்றி விசாரணை நடந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளை விட விரும்புவோர்க்காகவே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். மருந்தை மிக மெல்லக் குறைத்து நிறுத்தும் முறையை நோயாளிகளின் அனுபவத்திலிருந்து வகுத்து 1999-இல் கையேடாக வெளியிட்டார்.

1988-இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு மேல் எழுத வேண்டா என அறிவுறுத்தியது. இருபத்தெட்டுப் பேர் என்ற அறிக்கைக்கும் இவ்வறிவுரைக்கும் இடைவெளி எட்டாண்டு மட்டுமே. பின்னர் ஏறத்தாழ 14,000 பேர் உற்பத்தியாளர்மீது தொடர்ந்த கூட்டு வழக்கு, சட்ட உதவி நிதி நிறுத்தப்பட்டதால் தீர்ப்பின்றி முடிந்தது.

1980-களின் பிற்பகுதியில் சோபிக்ளோன், சோல்பிடெம் ஆகியவை பென்சோடையசெபைனுக்கு மாற்றாக வந்தன. இவையும் முந்தியவற்றினும் பாதுகாப்பானவை என்ற பெயரோடுதான் வந்தன. பெண்களின் உடலில் சோல்பிடெம் மெல்ல நீங்குவதால் அவர்களுக்கான அளவைப் பாதியாக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013-இல் பணித்தது. உறக்கத்திலேயே நடத்தல், வாகனம் ஓட்டுதல் போன்றவற்றுக்காக 2019-இல் கட்டமிட்ட எச்சரிக்கையையும் சேர்த்தது.

நம் வட்டாரத்தில்

1971-இல் வியன்னாவில் உருவான மனமாற்றப் பொருள்கள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் 1984-இல் பென்சோடையசெபைன்கள் சேர்க்கப்பட்டன. மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் 1989-இல் மனமாற்றப் பொருள்களுக்கான விதிகள் வகுக்கப்பட்டன. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2008-இல் இம்மருந்துகளை எழுதும் மருத்துவர்களுக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. இந்தியாவில் 2013-இல் அறிவிக்கப்பட்ட ‘எச் 1’ பட்டியல், டயசெபாம், அல்பிரசோலம் முதலியவற்றை விற்கும் கடைகள் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது.

மலேசிய, சிங்கப்பூர்ச் செய்தித்தாள் படிப்போர்க்கு ‘எரிமின் 5’ என்னும் பெயர் புதிதன்று. நிமெடாசெபாம் என்னும் பென்சோடையசெபைனே அது. ஜப்பானில் அதன் உற்பத்தி 2015-இல் நின்றபின்னும் அப்பெயரில் போலி மாத்திரைகள் பிடிபட்டு வந்துள்ளன. இச்செய்திகளால் பென்சோடையசெபைன் என்றாலே சோதனை, கைது, சிறை என்னும் தோற்றம் நம் சமூகத்தில் நிலைத்துவிட்டது. அதன் விளைவாக, கிளினிக்கில் வாங்கிய மாத்திரையை முறையாக உண்டுவரும் முதியவர், தம் நிலையும் இதுவே என அறிவதில்லை. அறிந்தாலும் ‘அடிமை’ என்னும் பெயருக்கு அஞ்சி மருத்துவரிடம் கூறுவதில்லை. சிலர் யாரிடமும் கூறாமல் தாமே ஒரே நாளில் நிறுத்திவிடுகின்றனர். இவற்றுள் பெரும் இடர் இதுவேயாகும்.

முடிவுரை

லிப்ரியம் சந்தைக்கு வந்தது 1960-இல். சார்புநிலையும் நிறுத்தல் விளைவும் குறித்து எல்லாப் பென்சோடையசெபைன் உறைகளிலும் கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெற வேண்டுமென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பணித்தது 2020-இல். இடையே அறுபது ஆண்டுகள். பார்பிட்யூரேட்டுக்கு 47 ஆண்டு எடுத்த பாடம் அடுத்த தலைமுறை மருந்துக்கு இன்னும் நீண்டது. ஹாலிஸ்டரின் ஆய்வு 1961-இலேயே கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆயினும் மருந்தை நிறுத்த முடியாதவர் குறையுடையவர் என்னும் எண்ணம் அச்சான்றைப் பின்தள்ளியது. நோயாளிகள் அதனை முன்பே அறிந்திருந்தனர். அவர்கள் கூறியது நோயின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டதே தவிர, சான்றாகக் கொள்ளப்படவில்லை.

இம்மருந்துகள் வேண்டாதவை என்பது நம் முடிபன்று. வலிப்பைத் தணிக்கவும், அறுவை மருத்துவத்திற்கு முன் அச்சத்தைக் குறைக்கவும், மது நிறுத்தத்தின் கொடுமையைக் கடக்கவும் பென்சோடையசெபைன்கள் இன்றும் உதவுகின்றன. நெடுநாள் உட்கொண்டவர் மருத்துவரின் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், திடீரென நிறுத்துதல் கூடாது என்பதே இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடம்.

தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. கலைச்சொல் பட்டியலிலும் பாட நூலிலும் நலவியல் கட்டுரையிலும், மருந்துக்கேற்ப உடல் தகவமைந்து நிற்கும் நிலைக்குச் ‘சார்புநிலை’ என்னும் சொல்லையே ஆளலாம். கேடு எனத் தெரிந்தும் வேட்கையால் நாடும் நிலையைத் தனிச் சொல்லால் குறிக்கலாம். இரண்டையும் ‘அடிமை’ என்னும் ஒரே சொல்லில் அடைப்பதைத் தவிர்ப்பது நன்று. 28 என்ற எண் அச்சேறியபோது எண்ணப்படாமல் விடுபட்டோர், தம்மைக் குறிக்கத் தகுந்த சொல் இல்லாதோரே ஆவர். நம் மொழியில் அச்சொல்லை வழங்கிவிட்டால், மருத்துவர் முன் அமரும் ஒருவர் தம் நிலையை வெட்கமின்றிக் கூற அதுவே தொடக்கமாக அமையும்.